வளர வளர

மாவுக்கட்டு மாற்றும் நாளுக்கு முந்தைய மாலை, முதுகு வளைந்த குழந்தை இருக்கும் வீடுகளில் சின்னத் திருவிழா. பல மருத்துவமனைகளில் பழைய கட்டை அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுவார்கள். புதுக் கட்டு மறுநாள் காலையில்தான். நடுவில் கிடைப்பது ஒரே ஓர் இரவு. எட்டு வாரமாக ஈரத்துணியால் கை கால் மட்டும் துடைத்துவிடப்பட்ட குழந்தை, தொட்டித் தண்ணீரில் இறங்குகிறது. மார்பிலும் வயிற்றிலும் உலர்ந்த தோல் பொடிப்பொடியாக உரிந்து மிதக்கும். தன் தொப்புளையே புதிதாகப் பார்ப்பதுபோலத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். தண்ணீர் ஆறிப்போனாலும் எழுந்து வராது. எழுப்பவும் யாருக்கும் மனம் வராது.

நடக்கப் பழகும் வயதில் ஒரு குழந்தையை மார்பிலிருந்து இடுப்புவரை கட்டுக்குள் வைத்திருப்பது, கேட்கும்போதே நெஞ்சை உறுத்துகிறது. ஆனால் இந்தக் கட்டுக்காகத்தான் அமெரிக்காவில் பெற்றோர் பல மாநிலங்களைக் கடந்து போகிறார்கள். உள்ளூரில் மாவுக்கட்டு போடத் தெரிந்தவர்களா இல்லை? கை ஒடிந்தால் கட்டுப்போட எல்லா ஊரிலும் ஆள் உண்டு. இது வேறு கட்டு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, முதலில் வளைவைப் பற்றிப் பேச வேண்டும்.

ஸ்கோலியோசிஸ் என்பது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது. பத்துப் பன்னிரண்டு வயதில், பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு வருவதைப் பற்றித்தான் நாம் கேள்விப்பட்டிருப்போம். மூன்று வயது முடிவதற்குள் தொடங்குவது அரிதான வகை. இதில் ஆண் குழந்தைகள் அதிகம். வளைவு பெரும்பாலும் இடப்பக்கம் புடைத்திருக்கும். கருவிலேயே முள்ளெலும்பு அரைகுறையாக உருவானதால் வரும் வளைவு தனிக்கதை. நான் இங்கே சொல்வது, எலும்புகள் ஒவ்வொன்றும் ஒழுங்காக அமைந்தும், காரணம் புலப்படாமல் அடுக்கு சாய்ந்துபோகும் குழந்தைகளைப் பற்றி.

பக்கவாட்டு வளைவு என்று சொன்னாலும் அது பாதி உண்மைதான். முதுகுத்தண்டு வளையும்போதே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. முள்ளெலும்போடு சேர்ந்து விலா எலும்புகளும் திரும்புகின்றன. புடைத்த பக்கத்து விலாக்கள் பின்னால் தள்ளி மேடாகின்றன. எதிர்ப்பக்கத்து விலாக்கள் உள்வாங்குகின்றன. குழந்தையை மடியில் குப்புறப் போட்டுத் தடவும்போது ஒரு பக்கம் மேடு தட்டுப்படுவது இதனால்தான். பெரும்பாலும் அதை முதலில் கண்டுகொள்வது குளிப்பாட்டுகிறவர்களின் கை.

அந்தக் கை பயந்துபோய் யாரிடமாவது கேட்டால், முதலில் கிடைக்கும் பதில் எந்த நாட்டிலும் ஒன்றுதான்: வளர வளரச் சரியாகிவிடும்.

இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1965இல் பிரிட்டனின் லாயிட் ராபர்ட்ஸும் பில்ச்சரும் இப்படி வளைவு உள்ள 100 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். அவர்களில் 92 பேருக்கு வளைவு தானாகவே மறைந்தது. எந்தக் கட்டும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே ‘பொறுத்திருங்கள்’ என்று சொல்லும் மருத்துவர் அலட்சியக்காரர் அல்லர். நூற்றில் பெரும்பாலோருக்கு அதுவே சரியான வைத்தியம். சிக்கல் மீதியுள்ள சிலரிடம். அவர்களுக்கு வளைவு வளர வளர ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் 70, 80, 100 டிகிரி என்று போகும். நெஞ்சுக்கூடு நசுங்கும், நுரையீரலுக்கு இடம் போதாது. ஸ்வீடனில் சிகிச்சை பெறாத நோயாளிகளை நெடுங்காலம் பின்தொடர்ந்து 1992இல் வெளியான ஆய்வு ஒன்று, பதின்பருவத்தில் தொடங்கிய வளைவு ஆயுளைக் குறைக்கவில்லை என்றும், சிறு வயதிலேயே தொடங்கிய வளைவு குறைத்தது என்றும் காட்டியது.

எனவே பெற்றோருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: என் பிள்ளை அந்தப் பெரும்பாலோரில் ஒருத்தனா, அந்தச் சிலரில் ஒருத்தனா? பிள்ளையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வளைவின் டிகிரியை மட்டும் வைத்தும் சொல்ல முடியாது. 1960கள்வரை, காத்திருந்து பார்ப்பதுதான் ஒரே வழியாக இருந்தது. ஏறுகிற வளைவு என்று உறுதியாவதற்குள் அது ஏறி முடிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் மின் மேத்தா வருகிறார். லண்டனின் வடமேற்கு ஓரத்தில், ஸ்டான்மோரில் இருக்கும் ராயல் நேஷனல் ஆர்த்தோபீடிக் மருத்துவமனையில் பணியாற்றிய பெண் அறுவை நிபுணர். எல்லோரும் முதுகுத்தண்டையே அளந்துகொண்டிருந்தபோது அவர் அதை ஒட்டியிருக்கும் விலா எலும்பைப் பார்த்தார். 1972இல் அவர் வெளியிட்ட அளவுமுறைக்கு ஒரு பென்சிலும் கோணமானியும் போதும்.

எக்ஸ்ரே படத்தில் வளைவின் உச்சியில் இருக்கும் முள்ளெலும்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் தட்டையான விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு. அந்த எலும்பிலிருந்து இரு பக்கமும் கிளம்பும் விலாக்களின் தலையையும் கழுத்தையும் இணைத்து ஆளுக்கொரு கோடு. இந்த விலாக் கோடுகள் செங்குத்துக் கோட்டோடு என்ன கோணத்தில் சேர்கின்றன என்று அளக்க வேண்டும். நேரான முதுகில் இரண்டு கோணமும் சமம். வளைந்த முதுகில், புடைத்த பக்கத்து விலா சோர்ந்து தொங்கும். அங்கே கோணம் குறைந்துபோகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 டிகிரிக்குக் கீழே இருந்த குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வளைவு தானாக மறைந்தது. 20ஐத் தாண்டியவர்களில் ஏறக்குறைய அதே விகிதத்தினருக்கு அது ஏறிக்கொண்டே போனது. புடைத்த பக்கத்து விலாவின் தலை முள்ளெலும்பின் மேல் ஏறிப் படிந்து தெரிந்தால், கோணத்தை அளக்கவே தேவையில்லை. அது ஏறுகிற வளைவுதான்.

மேத்தா இன்னொன்றும் சொன்னார். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுங்கள். வளைவு முன்பிருந்த அளவிலேயே இருந்தாலும், இந்தக் கோண வித்தியாசம் குறைந்திருந்தால் குழந்தை தேறிவருகிறது என்று பொருள். அதாவது முதுகு நிமிர்வதற்கு முன்னாலேயே விலா சேதி சொல்லிவிடுகிறது. என்ன ஆகுமோ என்று மாதக்கணக்கில் தவிக்கும் ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

சரி, ஏறுகிற வளைவு என்று தெரிந்துவிட்டது. ஏன் ஏறுகிறது? ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் மேலும் கீழும் வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. பாரம் மிகுதியாக அழுத்தும் பக்கத்தில் அவை மெதுவாக வளரும். பாரம் குறைந்த பக்கத்தில் வேகமாக வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹ்யூட்டர், ஃபோல்க்மான் என்ற இரு ஜெர்மானியர் கண்டு சொன்ன விதி இது. வளைந்த தண்டில் உள்வாங்கிய பக்கம் எப்போதும் அழுந்தியே இருக்கிறது. அங்கே எலும்பு குட்டையாகிறது, எதிர்ப்பக்கம் நெட்டையாகிறது. செங்கல் போல இருந்த எலும்பு ஆப்பு வடிவமாகிறது. ஆப்புகளை அடுக்கினால் அடுக்கு இன்னும் சாயும்; சாய்ந்தால் இன்னும் அழுந்தும். வளர்ச்சி எவ்வளவு வேகமோ, கேடும் அவ்வளவு வேகம். அந்த வேகம் வாழ்க்கையின் முதல் சில ஆண்டுகளில்தான் உச்சத்தில் இருக்கிறது. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை, பிறக்கும்போது சுமார் 20 செ.மீ. இருக்கும் முதுகுத்தண்டு, முதல் ஐந்து வயதுக்குள் இன்னும் 10 செ.மீ. நீள்கிறது. அடுத்த ஐந்து வயதில் நீள்வது அதில் பாதிதான்.

இதே கணக்கைத்தான் மேத்தா புரட்டிப் போட்டார். தண்டைப் பிடித்து நேராக நிறுத்தி, அழுந்தும் பக்கத்தின் பாரத்தை எடுத்துவிட்டால், அதே வேகமான வளர்ச்சி ஆப்புகளை மறுபடி செங்கற்களாக்கும். கட்டு முதுகை நிமிர்த்துவதில்லை. அது குழந்தையைச் சரியான நிலையில் பிடித்து வைத்திருக்கிறது. நிமிர்த்துவது குழந்தையின் வளர்ச்சி. ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற அதே வாக்கியம், கட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு வேறொரு பொருளில் உண்மையாகிறது.

2005இல் அவர் தன் நீண்ட உழைப்பின் கணக்கை வெளியிட்டார். விலா எலும்பைப் பற்றிய அந்த முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 33 ஆண்டுகள். ஏறுகிற வளைவு உள்ள, நான்கு வயதுக்கு உட்பட்ட 136 குழந்தைகள். 94 பேர் சீக்கிரமே வந்துவிட்டார்கள்: சராசரி வயது 1 வருடம் 7 மாதம், வளைவு சராசரி 32 டிகிரி. இவர்களுக்கு மூன்றரை வயது வாக்கில் வளைவு மறைந்தது. அதன்பிறகு சிகிச்சையே தேவைப்படவில்லை. மீதி 42 பேர் தாமதமாக வந்தவர்கள்: சராசரி வயது இரண்டரை, வளைவு 52 டிகிரி. அவர்களுக்குக் கட்டு வளைவைக் குறைத்தது. மாற்றி அமைக்க முடியவில்லை. அவர்களில் 15 பேருக்குப் பின்னால் முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் அறுவை செய்ய வேண்டிவந்தது.

இரு கூட்டத்துக்கும் இடையே வயதில் வித்தியாசம் பதினோரு மாதம். எங்கோ ஒரு வரிசையில் காத்திருந்த பதினோரு மாதம்.

இத்தனை தெளிவான பலன் தரும் ஒரு முறைக்காகப் பெற்றோர் ஏன் ஊர் ஊராக அலைய வேண்டும்? வைத்தியம் மறக்கப்பட்ட கதை அது. மாவுக்கட்டால் முதுகை நிமிர்த்தும் முயற்சி பழையது. 1870களில் நியூயார்க்கில் லூயிஸ் சேயர், நோயாளிகளை மூன்று கால் சட்டத்திலிருந்து தலையைப் பிணைத்துத் தொங்கவிட்டு உடம்பைச் சுற்றிக் கட்டுப்போட்டார். 1877இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிரான்சின் வடக்குக் கடற்கரை ஊரான பெர்க்கில் இருந்த ஈவ் கொத்ரெல், 1960களில் மொரெலோடு சேர்ந்து ஒரு நுட்பமான முறையை வகுத்தார். நீட்டு, முறுக்கை அவிழ், மடக்கு: பிரெஞ்சில் இந்த மூன்று செயல்களின் முதலெழுத்துகளே அதன் பெயர், இ.டி.எஃப். மேத்தா குழந்தைகளுக்குக் கையாண்டது இதைத்தான். ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில் பால் ஹாரிங்டனின் உலோகக் கம்பி வந்துவிட்டது. 1980களில் அதைவிடச் சிறந்த கம்பி ஒன்றை உருவாக்கியவர், துபூசேயோடு சேர்ந்து, அதே கொத்ரெல். ஒரே மனிதரின் இரண்டு கண்டுபிடிப்புகளில் இரண்டாவது உலகெங்கும் பரவியது, முதலாவது மங்கிப்போனது. எலும்பியல் படித்து வந்த புதிய தலைமுறைக்குக் கம்பி தெரியும், கட்டு தெரியாது.

பெரியவர்களுக்குக் கம்பி வரப்பிரசாதம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அப்படி இல்லை. முள்ளெலும்புகளை ஒட்டவைத்தால் தண்டு அந்த இடத்தில் வளர்வது நிற்கிறது, நெஞ்சுக்கூடும் நிற்கிறது. ஐந்து வயதில் நெஞ்சுக்கூட்டின் கொள்ளளவு பெரியவர்களின் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் காற்றுப்பைகள் பெருகுவதும் இந்தச் சில ஆண்டுகளில்தான். ஒட்டவைக்காமல், வளரவும் இடம்விட்டுப் பொருத்தும் கம்பிகள் பிற்பாடு வந்தன. அவற்றை நீட்ட ஆறு மாதத்துக்கொரு அறுவை; இப்போது காந்தத்தால் வெளியிலிருந்தே நீட்டும் கம்பியும் உண்டு. எல்லாமே பயன்படுகின்றன. ஆனாலும் உடம்பைத் திறக்காமல் தீரக்கூடிய ஒன்றைத் திறந்து தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை.

2000களின் தொடக்கத்தில், மகளுக்காக வழி தேடிய ஒரு தாயின் விடாமுயற்சியும் சில மருத்துவர்களின் ஆர்வமும் சேர்ந்து இந்த முறை அமெரிக்காவில் மறுபடி உயிர்பெற்றது. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியிலும், பென்சில்வேனியாவின் எரி நகரிலும் இருந்த ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனைகள் அதற்கு மையமாயின. பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. இந்தியாவிலும் குழந்தைகளின் முதுகுத்தண்டைப் பார்க்கும் நிபுணர்கள் சிலர் செய்கிறார்கள். சிலர்தான்.

கட்டுப்போடும் அறையை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். மேசை இல்லை; இரும்புச் சட்டம்தான். மயக்க மருந்தில் இருக்கும் குழந்தை, மெல்லிய பட்டை ஒன்றின் மேல் மல்லாந்து கிடக்கிறது, கிட்டத்தட்ட அந்தரத்தில். தாடையில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை. இரண்டையும் எதிரெதிரே இழுத்து உடம்பை நீட்டுகிறார்கள். தோலை ஒட்டி ஒரு மெல்லிய பனியன், அதன்மேல் பஞ்சுச் சுருள், அதன்மேல் நனைத்த மாவுத்துணி. மாவு இறுகச் சில நிமிடங்களே இருக்கின்றன. அந்த நிமிடங்களில் நிபுணரின் உள்ளங்கைகள் இடுப்பெலும்பைக் கவ்விப் பிடிக்க, உதவியாளர் தோளைத் திருப்பிப் பிடிக்க, பின்னால் தள்ளிய விலாக்களை நிபுணர் முன்னோக்கிச் சுழற்றுகிறார். பக்கவாட்டிலிருந்து அமுக்கினால் விலா உள்ளே நசுங்கி நெஞ்சு குறுகும். பழைய கட்டுகள் செய்த தவறு அது. இங்கே அமுக்குவதில்லை, முறுக்கைத் திருப்புகிறார்கள். இறுகிய மாவின் மேல் ஃபைபர் கிளாஸ் சுற்றுகிறார்கள்.

கடைசியில் ஜன்னல்கள். முன்பக்கம் நெஞ்சும் வயிறும் விரிய ஒரு பெரிய திறப்பு, காளான் வடிவத்தில். பின்பக்கம், உள்வாங்கிய விலாக்களுக்கு நேராக இன்னொன்று. குழந்தை மூச்சுவிடும் ஒவ்வொரு தடவையும் அமுங்கிய விலாக்கள் அந்தத் திறப்பின் வழியே பின்னோக்கி எழும்பலாம். ஜன்னல் இல்லாத கட்டு கட்டே இல்லை என்பேன். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு, கட்டு பலன் தரவில்லை என்று கைவிரிப்பதில் நியாயமில்லை.

இரண்டு வயதுவரை ஏறக்குறைய எட்டு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் சற்று இடைவெளி கூட்டியும் கட்டை மாற்றுகிறார்கள். குழந்தை வளர்ந்து கட்டை மீறிவிடும் என்பதே காரணம். வளைவு 10 டிகிரிக்குள் வந்ததும் கட்டை நிறுத்தி, கழற்றி மாட்டும் பிரேஸுக்கு மாறுவது வழக்கம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மயக்க மருந்து என்பது பெற்றோரைப் பயமுறுத்தும் விஷயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்பவோ மூன்று மணி நேரத்துக்கு மேலோ மயக்க மருந்து தருவது வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தது. குறுகிய நேரம் ஒருமுறை தருவதால் ஐந்து வயதில் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்று 2019இல் ஒரு பெரிய ஆய்வு ஆறுதல் சொன்னது. ஆனால் இங்கே ஐந்தாறு முறைக்கு மேல் தேவைப்படலாம். அதனால் சில மையங்கள் குழந்தை விழித்திருக்கும்போதே, படம் காட்டி, மடியில் பால்புட்டியோடு கட்டுப் போட்டுப் பார்க்கின்றன. ஏறுகிற வளைவின் ஆபத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் குழந்தை தடுமாறும். எழ முடியாமல் அழும். மூன்றாம் நாள் ஓடும். பெற்றோர் வியந்து சொல்வது இதைத்தான். வயிறு விரிய இடம் குறைவு என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்ட வேண்டும். சின்ன அளவு டயப்பரைக் கட்டின் விளிம்புக்குள் செருகி, மேலே பெரிய டயப்பர் மாட்டினால் ஈரம் உள்ளே ஏறாது. மணலில் விளையாட விட்டால் அன்று இரவு யாருக்கும் தூக்கமில்லை. வெயில் காலம் கொடுமைதான். மின்விசிறிக்கு அடியிலேயே வாசம். விளிம்பு உரசிச் சிவக்கிறதா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

நிபுணரைத் தேடிப் போகும்போது தயங்காமல் கேட்க வேண்டியவை உண்டு. விலாக் கோணத்தை அளந்தீர்களா? அளந்து எண்ணைச் சொல்லுங்கள். கட்டுப்போட இழுவைச் சட்டம் இருக்கிறதா? முறுக்கை அவிழ்ப்பீர்களா? பின்பக்கம் ஜன்னல் வெட்டுவீர்களா? இதுவரை எத்தனை குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறீர்கள்? நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்படமாட்டார். வளைவு 20 டிகிரிக்கு மேல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். பார்வைக்கு வேறு குறையே இல்லாத இக்குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, தண்டுவடத்திலோ மூளையின் அடிப்பகுதியிலோ கவனிக்க வேண்டிய கோளாறு ஒளிந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவினால் எலும்பு நிமிர்ந்துவிடும் என்று பெரியவர்கள் சொன்னால், அவர்கள் அன்பை மதிக்கலாம். எலும்பு நீவலுக்கு நிமிராது, அந்த வாரங்களும் திரும்பி வாரா.

முதல் எக்ஸ்ரே படத்தைத் தொலைத்துவிடாதீர்கள். வேறு மருத்துவமனையில் எடுத்தது, மங்கலானது, இனி எதற்கு என்று பீரோவுக்கு அடியில் போட்டுவிடுகிறோம். புதிய மருத்துவர் மேசை விளக்கில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, இரண்டிலும் அதே விலா எலும்பைத் தேடிக் கோடு போடுவார். பழைய படம் இல்லையென்றால் இன்றிலிருந்து இன்னும் இரண்டு மூன்று மாதம் அவர் காத்திருக்க நேரும். உறையை எடுத்துப் பையில் வைக்குமுன், படத்தின் ஓரத்தில் தேதி தெரிகிறதா என்று ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.